கொழும்பில் சொந்தமாகத் துவக்கு வாங்கி ரேஞ்சில் சுட்டுப் பழக முடியுமா? என்ன வாங்க வேண்டும்?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: கனடாவில் இருக்கும் மச்சான் சனிக்கிழமைகளில் சொந்தத் துவக்கோடு ரேஞ்சுக்குப் போகிறார், படங்கள் அனுப்புகிறார். தனக்கும் ஆசை. வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, கண்ணாடி போடுகிறார், வெள்ளவத்தையில் ஃபிளட்டில் இருக்கிறார். எதை வாங்குவது, எங்கே சுடுவது?

சுட்டுப் பழகலாம். ஆனால் வாங்குவதில் இருந்து தொடங்காதீர்கள். கழகத்தில் சேருங்கள், கழகத்தின் எயார் ரைபிளில் (காற்றழுத்தத்தில் சுடும் ரைபிள்) ஒரு பருவம் முழுக்கப் பழகுங்கள், வாங்குவதை அதற்குப் பிறகு யோசியுங்கள். நானும் கொழும்பு 6-இல் இருந்துகொண்டு 10 மீற்றர் எயார் ரைபிள் சுடுகிறவன். இந்த விளையாட்டில் எனக்கு மிகுந்த பற்று உண்டு. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் மச்சானின் கதை. கனடாவிலும் கடைக்குப் போய்க் காசு கொடுத்தவுடன் கையில் தருவதில்லை. பாதுகாப்புப் பாடநெறி முடித்து, பின்னணி விசாரணை தாண்டி, உரிமம் எடுக்க வேண்டும். 2020 மே மாதம் அங்கே சுமார் 1,500 வகைத் துவக்குகளைத் தடைசெய்தார்கள். 2022 ஒக்டோபரில் இருந்து கைத்துப்பாக்கி விற்பதும் கைமாற்றுவதும் முடக்கப்பட்டிருக்கிறது. அங்கேயே நிலைமை அப்படி. நம் நாட்டுச் சட்டத்தின் அடிப்படையோ 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996-இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். தானியங்கித் துவக்கும் ரிப்பீட்டர் ஷொட்கன்னும் அனுமதியின்றி வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும். யூடியூப்பில் அமெரிக்கர்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டும் கருவிகளையும் பாகங்களையும் பார்த்து இங்கே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தால், அந்தப் பட்டியலை இன்றே ஓரமாக வைத்துவிடுங்கள்.

இலங்கையில் பொதுமகன் ஒருவர் துவக்கு வைத்திருப்பதற்கு வழக்கமாக உள்ள வழிகள் சில. பயிரைப் பன்றியிடமும் குரங்கிடமும் இருந்து காக்கும் விவசாயிக்கு ஷொட்கன் அனுமதி. அது மாவட்டச் செயலகத்தின் ஊடாகப் போகும். வயல் இல்லாதவருக்கு அந்த வழி இல்லை. அடுத்தது தற்பாதுகாப்பு. உயிருக்கு ஆபத்து உண்டு என்று நிரூபித்துப் பாதுகாப்பு அமைச்சிடம் பெற வேண்டியது. 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்காகக் கொடுத்த துவக்குகள் எல்லாவற்றையும் மீளாய்வுக்கு ஒப்படைக்கச் சொன்னது அமைச்சு. வெலிசறையில் இருக்கும் கடற்படையின் ஆயுதக் களஞ்சியத்தில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த அனுமதி நிலையான உரிமை இல்லை, அரசு எப்போதும் திரும்பிப் பார்க்கக்கூடியது என்பது இதில் இருந்து விளங்கும். ரேஞ்சில் சுடும் ஆசைக்காகத் தற்பாதுகாப்பு என்று சொல்லி விண்ணப்பிக்க யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள். பொய்க் காரணம் எழுதிக் கையொப்பம் வைப்பது குற்றம். அதுவும் துவக்கு விஷயத்தில்.

மிச்சம் இருப்பது விளையாட்டு. நமக்குரிய வழி இதுதான், நேர்மையான வழியும் இதுதான். இலங்கை தேசிய துப்பாக்கிச் சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தில் பதிந்த கழகம் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். பயிற்சி எடுத்து, போட்டிகளில் பெயர் பதிந்து, அந்தப் பதிவுகளோடு கழகத்தின் கடிதமும் இருந்தால்தான் சொந்த ஆயுதம் பற்றி அமைச்சிடம் பேச்சை எடுக்கலாம். அனுமதி கிடைத்தாலும் அது அந்த ஆண்டு முடிவோடு காலாவதியாகிவிடும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வருகிற சொந்தக்காரரிடம் “எயார் ரைபிள்தானே, பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வா” என்று சொல்லிவிடாதீர்கள். முன் அனுமதி இல்லாமல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அது இறங்கினால் மாட்டுவது அவர். காற்றில் சுடும் ஆயுதமானாலும் கழகத்தையும் அமைச்சையும் கேட்டு, இறக்குமதி அனுமதியைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் காசை அனுப்ப வேண்டும்.

நம் ஆட்கள் பலர் வெளியே பேசாத ஒரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். தமிழ் வீட்டுக்குள் துவக்கு வருவது சின்ன விஷயம் இல்லை. சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி, நள்ளிரவில் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்டது, பொலிஸ் பதிவுத் துண்டைப் பத்திரமாக மடித்து வைத்தது எல்லாவற்றையும் கொழும்பில் வாழ்ந்து கடந்தவர்கள் நம் அம்மா அப்பாமார். போர் முடிந்தது 2009-இல், அந்தப் பயம் அந்த வருடத்தோடு முடிந்துவிடவில்லை. நான் கழகத்தில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “உனக்கு வேற விளையாட்டே கிடைக்கேல்லையா?” அவரை ஒருநாள் போட்டிக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகள் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்பதையும், ஒருவருக்கும் மற்றவரைப் பற்றிய நினைப்பே இல்லாமல் இலக்கைப் பார்ப்பதையும் கண்டார். அதன் பிறகு அவர் தடுக்கவில்லை. உங்கள் வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லுங்கள், கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம்.

இது நமக்குப் புதிய விளையாட்டும் இல்லை. 1994-இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் மாலி விக்ரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் பெண்கள் இணை எயார் ரைபிளில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 10 மீற்றர் எயார் ரைபிள் தகுதிச் சுற்றில் நம் தெஹானி எகொடவெலவும், கடலூரில் பிறந்து இந்தியாவுக்காகச் சுடும் இளவேனில் வாலறிவனும் ஒரே போட்டியில் நின்றார்கள். அந்த நாள் எனக்கு இன்றும் சந்தோஷம் தருவது.

ஏன் எயார் ரைபிளையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்? கொழும்பில் நடைமுறையில் முடிவது அதுதான். 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு (பெலட்), 10 மீற்றர் தூரம், கூரைக்குக் கீழே சுடலாம். இலக்கு அட்டையின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர். பெலட்டே அதைவிட ஒன்பது மடங்கு அகலம். போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 ஷொட், ஒவ்வொன்றுக்கும் 10.9 வரை தசமத்தில் புள்ளி. எயார் பிஸ்டலை ஒற்றைக் கையில் பிடிக்க வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது, ட்ரிகர் குறைந்தது 500 கிராம் இழுவை தாங்க வேண்டும். பிஸ்டல் பார்க்கச் சுலபம் போலத் தெரியும். தொடங்குகிறவருக்கு ரைபிள்தான் நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் செய்த பிழை எது என்று ரைபிள் தெளிவாகக் காட்டித் தரும். .22 ரவை சுடும் 25 மீற்றர், 50 மீற்றர் நிகழ்ச்சிகளுக்கு வெளி ரேஞ்ச் வேண்டும், ரவைக்கு வேறு அனுமதி வேண்டும். அது பிறகு பார்க்க வேண்டியது.

வெலிசறைக் கடற்படை முகாமில் ரேஞ்ச் இருக்கிறது. கோட்டையில் இருந்து நீர்கொழும்பு போகும் 240 பஸ் அந்த வழியால்தான் போகிறது. முகாமுக்குள் இருப்பதால் நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது. கழகத்தின் மூலம் பெயர் போக வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ரேஞ்சில் ஆங்கிலக் கட்டளைகள்தான்: லோட், ஸ்டார்ட், ஸ்டொப், அன்லோட். “ஸ்டொப்” கேட்டால் விரல் ட்ரிகரை விட்டு வெளியே. ஒரு ஷொட் பாதியில் நின்றாலும் சரி. சுடாத நேரத்தில் குழாய்க்குள் பாதுகாப்பு நூல் (உள்ளே பெலட் இல்லை என்று காட்டும் நூல்) செருகி இருக்க வேண்டும், குழாயின் வாய் எப்போதும் இலக்குப் பக்கம் இருக்க வேண்டும். கழகத்தில் முதல் நாட்கள் முழுக்க இதைத்தான் சொல்லித் தருவார்கள். சலித்துப் போகாதீர்கள்.

இனி வாங்குவது. நீங்கள் ஆசையோடு கேட்டதும் இதைத்தான்.

முதலில் வாங்க வேண்டியது ரைபிள் இல்லை, ஜக்கெட். தடித்த கன்வசும் தோலும் சேர்த்துத் தைத்தது, விதிப்படி தடிப்பு 2.5 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. அது முதுகைத் தாங்கினால்தான் ஐந்து கிலோ ரைபிளோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கலாம். இன்னொருவரின் உடம்புக்குத் தைத்த ஜக்கெட்டை விலை குறைவு என்று வாங்கினால் தோளில் மடிப்பு விழும், அந்த மடிப்பில் ரைபிளின் அடிப்பகுதி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். பிறகு கையுறை, தட்டையான அடி உள்ள சப்பாத்து. இவை உங்களுடையவையாக இருந்தால் கழக ரைபிளிலேயே நல்ல புள்ளி எடுக்கலாம்.

ரைபிள் வாங்கும் நிலைக்கு வந்ததும் ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ் என்று ஜெர்மன் பெயர்கள் காதில் விழும். எல்லாமே நல்லவை. புதிதாக எடுத்தால் இரண்டாயிரம் யூரோவுக்கு மேல், வரி தனி. 2022-இல் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்றறுபதுக்குப் போனபோது ரைபிள் கனவை மட்டும் இல்லை, 500 பெலட் அடங்கிய டின்னையும் எண்ணி எண்ணிச் செலவழித்தோம். ஆகவே பெயரைப் பார்க்காமல், உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கன்னம் வைக்கும் துண்டு உயரம் மாறுமா, தோள் தட்டு மேலும் கீழும் நகருமா, கண் தானாகப் பின்பார்வைத் துவாரத்துக்கு (கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும், குறிபார்க்கும் துவாரம்) நேரே வருகிறதா? கழுத்தை வளைத்துத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது உங்கள் ரைபிள் இல்லை. பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

பாவித்த ரைபிள் என்றால் காற்றுச் சிலிண்டரின் தேதியைப் பாருங்கள். உற்பத்தியாளர் அதற்கு ஆயுள் குறித்திருப்பார், வழக்கமாக உற்பத்தித் தேதியில் இருந்து பத்து வருடம். பலர் இதைக் கவனிக்காமல் ரைபிளை வாங்கிவிட்டு, பிறகு சிலிண்டருக்காக வேறாகச் செலவழிக்கிறார்கள். நிரப்புவது 200 பார் அழுத்தத்தில். கழகத்தில் வசதி இல்லை என்றால் சுழியோடிகளுக்குக் காற்று நிரப்பும் இடங்களை விசாரிக்கலாம். உலர்ந்த காற்று மட்டும்தான் நிரப்ப வேண்டும். ஒட்சிசன் ஒருபோதும் கூடாது, எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் வெடிக்கும். சிலிண்டர் தலைவலி வேண்டாம் என்றால், பக்க நெம்புகோலால் இழுக்கும் பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் போன்றவை இன்றும் நேராகச் சுடும். ஆனால் உள்ளே இருக்கும் சீல்கள் பழுதாகியிருக்கும், மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும்.

பெலட் எல்லாம் ஒன்றே என்று நினைக்க வேண்டாம். 4.49, 4.50 என்று தலை அளவு மாறும். ஒவ்வொரு குழாயும் ஒரு தொகுதியை விரும்பும். இரண்டு மூன்று வகை எடுத்து, ரைபிளைத் தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்து, எது ஒரே துளையில் விழுகிறதோ அதையே வாங்குங்கள். பெலட் ஈயம், சுட்ட கையோடு பணிஸ் சாப்பிடக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

வெள்ளவத்தையில் இருப்பவருக்கு இன்னொரு எதிரி கடற்காற்று. கடற்கரை வீதிப் பக்கம் யன்னல் திறந்தால் உப்பு உள்ளே வரும். இரும்பில் துரு, ஜக்கெட்டின் தோலில் பூஞ்சணம். சிலிக்கா ஜெல் பைகள் பெட்டிக்குள் எப்போதும் வேண்டும், சுட்டு முடிந்ததும் வியர்வை பட்ட இடங்களைத் துடைத்துவிட வேண்டும். ஜக்கெட்டைப் பையில் மடித்து வைக்காமல் விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள்.

ரைபிளை எங்கே வைப்பது? கழகக் களஞ்சியத்தில் வைக்க இடம் தந்தால் அங்கேயே வையுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஃபிளட்டில் வைக்கத்தான் வேண்டும் என்றால் சுவரோடு இறுக்கிய இரும்பு அலுமாரி, சாவி உங்கள் ஒருவரிடம் மட்டும், பெலட் வேறு இடத்தில். கொண்டுபோகும்போது பூட்டிய பெட்டி, அனுமதிப்பத்திரம் கூடவே. த்ரீவீலில் போனாலும் காரில் போனாலும் வழியில் வேறெங்கும் இறங்காமல் நேரே ரேஞ்சுக்கு. வீட்டில் வெற்றுச் சுடுகை பழகுவது மிக நல்ல பயிற்சி, முன்னேற்றத்தில் பாதி அங்கேதான் நடக்கிறது. பெலட் இல்லாமல் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து மூச்சும் விரலும் பழகுவது. ஆனால் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுச் செய்யுங்கள். எதிர் ஃபிளட்டில் இருக்கும் ஒருவர் குழாயைக் கண்டு 119-க்கு அழைத்தால் அது அவருடைய தவறு இல்லை. இந்த நகரத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

வயதும் கண்ணாடியும் கேட்டிருந்தீர்கள். முப்பத்தைந்து ஒன்றுமே இல்லை, ஐம்பது தாண்டியவர்களும் எங்களோடு சுடுகிறார்கள். கண்ணாடியும் தடை இல்லை. ஆனால் தினசரிக் கண்ணாடியில் முன்பார்வை வளையம் (குழாய் நுனியில் இருக்கும், குறிபார்க்கும் வளையம்) மங்கலாகத் தெரியலாம். கண் பார்க்க வேண்டியது அந்த வளையத்தைத்தான், இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. கண் பரிசோதகரிடம் போகும்போது உங்கள் கண்ணில் இருந்து முன்பார்வைக்கு எவ்வளவு தூரம் என்று ரேஞ்சில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தூரப்பார்வை எண்ணில் சிறிது கூட்டி வேறு லென்ஸ் போட்டுத் தருவார்கள். எந்தக் கண் ஆட்சிக் கண் (குறிபார்க்கும்போது முந்தி நிற்கும் கண்) என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். வலது கைக்காரராக இருந்து இடது கண் ஆட்சி செய்தால், ஜக்கெட் வாங்க முன்னமே பயிற்றுநரிடம் சொல்ல வேண்டும். ஜக்கெட் வலம் இடம் பார்த்துத்தான் தைக்கிறார்கள்.