அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், சிஸ்டர்

ஐசியூ நர்ஸான நீங்கள், முடி கொட்டுகிறது, படபடப்பு, மறதி என்று இரண்டு பக்கம் கடிதம் எழுதிவிட்டு, முடிக்கும்போது போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: 'ராத்திரி படுத்தவள் காலையில் எழாமலே போனால் நிம்மதி.' எனக்கு அந்த வரிதான் முக்கியம். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் தினமும் வருகிறது, எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போகிறது என்றால் இன்றைக்கே போக வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். நடுராத்திரி என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மருந்து அலமாரிச் சாவி கையில் இருக்கிற வேலை உங்களுடையது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். கொஞ்ச நாள் ஐசியூவை விட்டு வேறு வார்டு கேளுங்கள்.

'கூட இருந்தவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே' என்கிறீர்கள். அவர்கள் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 2020-ல் கோவிட் முதல் அலை தணிந்ததும், ஒன்பது மருத்துவமனைகளின் ஐசியூ ஊழியர்கள் 709 பேரிடம் பெயர் கேட்காமல் விசாரித்தார்கள். நூற்றுக்கு 40 பேரிடம் அதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. நூற்றுக்கு 13 பேர், செத்தால் தேவலை என்றோ தங்களைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ அடிக்கடி தோன்றுவதாகச் சொன்னார்கள். டாக்டர்களைவிட நர்ஸ்களுக்கே பாதிப்பு அதிகம். ரவுண்ட்ஸ் முடித்து டாக்டர்கள் நாங்கள் நகர்ந்துவிடுவோம். கட்டிலோரம் நின்றது நீங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஏழாம் பெட் பெரியவருக்கு வருகிறேன். 2021 மே மாதம். அவர் தண்ணீர் கேட்டார், நீங்கள் கொடுக்கவில்லை, விடிவதற்குள் போய்விட்டார். மகள் வீடியோ காலில் 'அப்பா, கண்ணைத் திறங்கப்பா' என்று கூப்பிட, போனைப் பிடித்திருந்தது நீங்கள். இன்றும் அந்த ரிங்டோன் எங்கே கேட்டாலும் கை மரத்துப்போகிறது. சிஸ்டர், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளும் பைபாப் மெஷினில் அவ்வளவு அழுத்தத்தில் இருப்பவருக்கு மாஸ்க்கைக் கழற்றினால் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, மளமளவென இறங்கும். அந்த மூச்சிரைப்பில் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நானும் கொடுத்திருக்க மாட்டேன். அவரைக் கொண்டுபோனது நிமோனியா. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது கணக்கு. அன்றைக்கு நீங்கள் ஒற்றை ஆளாய் ஆறு பேரைப் பார்த்திருக்கிறீர்கள்.

நான் சொல்வதால் மட்டும் இது ஆறிவிடாது. அந்த இரவை ஒரு நிபுணரிடம் முழுக்கச் சொல்லி, அதன் பிடியிலிருந்து வெளியே வரும் சிகிச்சை இருக்கிறது. வருடங்கள் கழித்து எடுத்தாலும் பலன் தரும்.

யூடியூப் பார்த்து, தெரிந்த கடையில் வாங்கி, பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் மாத்திரையில் தினம் பாதி போடுகிறீர்களாம். உங்கள் நோயாளி இப்படிச் செய்தால் விட்டிருப்பீர்களா? அது இந்த மன உளைச்சலை ஆற்றாது, பழக்கமாகிவிடும். ஆனால் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

முடி திரும்ப வளரும். ஈசிஜி, தைராய்டு இரண்டும் நார்மல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மூன்றாவது தடவை எடுக்க வேண்டாம். மறதி, தூங்காத மூளையின் மறதி. 34 வயதில் அல்சைமர் என்று கூகுளில் தேடுவதை விடுங்கள்.

'கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று தெரிந்தால்?' என்கிறீர்கள். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க 2017 மனநலச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அங்கே ஓபி வரிசையில் வேலைக்குப் போகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். நைட் ட்யூட்டி முடிந்த காலையில் வீட்டுக்காரரை வரச்சொல்லி நேராகப் போய்விடுங்கள். வீட்டுக்கு வந்து படுத்தால் தள்ளிப்போகும்.