கரி மாத்திரை இருக்கட்டும், சிறுநீரைப் பாருங்கள்

கிணற்று நீரில் ரசாயனம் இருக்குமோ என்ற பயத்தையும், அதற்காக விழுங்கும் கரி மாத்திரையையும் பற்றி நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தின் கடைசியில், அதுவும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள்: 'போன மாதம் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது, வலி இல்லை, மறுநாள் சரியாகிவிட்டது.' நான் பதில் எழுதுவதே அந்த வரிக்காகத்தான். 54 வயதில் வலியில்லாமல் ரத்தம் போனால், நின்றுவிட்டது என்று விடக்கூடாது. இந்த வாரமே யூராலஜிஸ்டை, அதாவது சிறுநீர்ப் பாதை நிபுணரைப் பாருங்கள். யூரின் டெஸ்ட், ஸ்கேன், தேவைப்பட்டால் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி. கல்லாகவோ கிருமித்தொற்றாகவோ இருக்கலாம். ஆனால் கட்டியும் இப்படித்தான் ஒருநாள் தலைகாட்டிவிட்டு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்பீர்கள்.

கிணற்றுக்குப் பக்கத்தில் ஓடும் சுத்திகரித்த கழிவுநீரில் 'பிஃபாஸ்' எனும் அழியாத ஃப்ளூரின் ரசாயனங்கள் இருக்குமே என்ற பயம் வீண் பயமில்லை. சுத்திகரிப்புத் தொட்டியின் பாக்டீரியாவால் கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பை உடைக்க முடிவதில்லை. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ-வை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-ல் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது. தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர் போதும். கொதிக்க வைத்துப் பயனில்லை: தண்ணீர்தான் ஆவியாகும், ரசாயனம் தங்கிவிடும். குளிப்பதால் பெரிதாக ஒன்றும் உள்ளே போகாது.

ஆனால் 'தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் கரி போட்டுத்தானே நீக்குகிறார்கள்' என்று ஒரு வீடியோவை நம்பி, மூன்று மாதமாகக் கரி மாத்திரை விழுங்குகிறீர்களே! ஆலையில் கரி நிரப்பிய உருளை வழியாகத் தண்ணீரை மெதுவாக விடுகிறார்கள். அங்கேயே சிறிய மூலக்கூறுகள் சீக்கிரம் நழுவிவிடும். கரி நிரம்பியதும் மாற்றியாக வேண்டும். நீங்கள் விழுங்கும் கரி குடலோடு போய்விடும்; உங்கள் உடம்பிலோ இந்த ரசாயனம் ரத்தத்தில் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடிகட்டி வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பிஎஃப்ஓஏ பாதியாகக் குறையவே ஏறத்தாழ மூன்று வருடம் ஆகும்.

கரி கண்டிப்பாகப் பிடித்து வைத்திருப்பது, காலையில் அதோடு சேர்த்து விழுங்கும் உங்கள் தைராய்டு மாத்திரையைத்தான். களைப்பு, முடி உதிர்வு, மலச்சிக்கல் என்று விஷத்தின் அறிகுறிகளாகப் பட்டியல் போட்டிருக்கிறீர்களே, அவை மூன்றும் தைராய்டு குறைந்தாலே வரும். மலச்சிக்கல் கரியாலேயே வரும். கரியை இன்றே நிறுத்துங்கள். ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் எனும் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

தண்ணீர் ரிப்போர்ட் வரட்டும் என்று யூராலஜிஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். சிகரெட் பிடித்ததுண்டா, எத்தனை வருடம் என்றும் அவரிடம் சொல்லுங்கள்; சிறுநீர்ப்பைக் கட்டிக்கு அதுவும் ஒரு காரணம். நான்கு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.