எலக்ட்ரிக் கிட்டாரின் நிறத்திலும் பூச்சிலும் நீங்கள் விரும்பியும் கிடைக்காத தேர்வு எது?

நெக் எனப்படும் நீண்ட கழுத்துப் பகுதியின் பின்புறத்துக்கு எந்தப் பூச்சு வேண்டும் என்பதை பாடியின் (உடல் பகுதியின்) நிறத்தோடு முடிச்சுப் போடாமல் தனியாகச் சொல்லி வாங்கும் வசதி. என் பதில் இதுதான். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் ஒரு நிறத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். வாசிக்கத் தொடங்கிய காலத்தில் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டால் அதன் முகப்பு நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுகூட இல்லை. இடது கையின் கட்டைவிரலோ மணிக்கணக்காக நெக்கின் மேல்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

என்னுடைய முதல் கிட்டாரின் மேப்பிள் நெக் கண்ணாடிபோல் பளபளக்கும் பாலியூரிதேன் பூச்சுடன் வந்தது. கை வியர்த்தால் கட்டைவிரல் அதில் ஒட்டிக்கொள்ளும். கீழ் ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் ஒன்று) மேல் ஃப்ரெட்டுக்கு வேகமாக நகர வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு கணம் தடைபடும். ஒருநாள் தந்திகளைக் கழற்றிவிட்டு, நெக்கின் நுனியில் தந்திகளை முறுக்கும் ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெல்லிய தேய்ப்புத் துணியால் நெக்கின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தேன். மாவுபோல வெள்ளைத் தூள் உதிர்ந்து, பத்து நிமிடத்தில் பளபளப்பு போய், பட்டுத்துணியைத் தடவுவதுபோல் ஆகிவிட்டது. (இதற்கு எஃகு கம்பளியைப் பயன்படுத்துவோர், தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தப் பாகங்களான பிக்அப்களை முதலில் முழுமையாக மூடிவிட வேண்டும், அதன் துகள்களைக் காந்தம் இழுத்துக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம்.) சில மாதங்கள் கழித்து, கட்டைவிரல் அதிகம் தங்கும் ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளுக்குப் பின்னால் மட்டும் பளபளப்பு மெல்லத் திரும்பியது. என் தோலே அந்த இடத்தை மெருகேற்றியிருந்தது. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் பூச்சே இல்லாத மேப்பிள் நெக்கை விரும்பியதன் காரணம் எனக்கு அன்றுதான் கையில் புரிந்தது. மியூசிக் மேன் நிறுவனம் பல மாடல்களின் நெக்குக்கு எண்ணெயும் மெழுகும் மட்டுமே பூசுகிறது. அத்தகைய நெக்கில் அழுக்கு படியும், அவ்வப்போது துடைத்து மீண்டும் எண்ணெய் பூச வேண்டும். அந்த வேலையை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவர் எந்த மாடலை வாங்கினாலும் அதைக் கேட்டுப் பெற முடிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

நிறங்களைப் பொறுத்தவரை, தேர்வு செய்யும் வசதி மிகப் பழையது. 1954-இல் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் வந்தபோது அதன் வழக்கமான பூச்சு, நடுவில் வெளிறி ஓரங்களில் கருமையாகும் சன்பர்ஸ்ட் ஒன்றுதான். வேறு நிறம் வேண்டுவோர் விலையில் 5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துப் பெறலாம் என்ற ஏற்பாடு அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் வந்தது. அதற்கான வண்ணங்களில் பெரும்பாலானவை கார்களுக்காக டூபாண்ட் நிறுவனம் தயாரித்தவை. லேக் பிளாசிட் புளூ காடிலாக் கார்களிலும் சர்ஃப் கிரீன் செவ்ரோலே கார்களிலும் ஓடிய நிறங்கள். சாலையில் பார்த்து ஆசைப்பட்ட நிறத்தைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம் என்ற அந்த எண்ணம் எனக்கு இன்றும் மிகவும் பிடித்திருக்கிறது. பாடியின் நிறத்தையே ஹெட்ஸ்டாக்கின் முகத்துக்கும் பூசித் தருவதை இன்னும் பல மாடல்களுக்கு விரிவாக்கலாம். சர்ஃப் கிரீன் பாடியும் அதே நிற ஹெட்ஸ்டாக்குமாக ஒரு கிட்டாரைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

நிறத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, அது எந்த வகைப் பூச்சுக்குள் இருக்கிறது என்பது. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு (சுருக்கமாக நைட்ரோ) மெல்லியதாக அமையும், காலப்போக்கில் மஞ்சளாகும், குளிரும் வெப்பமும் சட்டென்று மாறினால் நுண்ணிய கோடுகளாக வெடிக்கும். சில ஸ்டாண்டுகளில் உள்ள ரப்பர் பட்டாலே இளகிக் கறைபடும். பாலியூரிதேனும் பாலியஸ்டரும் கடினமானவை, வாங்கிய நாளின் தோற்றத்தை நெடுங்காலம் காப்பாற்றுபவை. என்னிடம் உள்ள இரண்டாவது கிட்டார் நைட்ரோ பூசிய வெள்ளை. ஒரு வயரைப் பற்றவைப்பதற்காக அதன் முகப்பைக் கீறலிலிருந்து காக்கும் தகடான பிக்கார்டைத் திருகுகளைக் கழற்றித் தூக்கியபோது, வெளிச்சமே படாத அடிப்பகுதி பால் வெள்ளையாகவும், அதன் ஓரத்தைக் கடந்ததும் பாடி முழுதும் வெண்ணெய் நிறமாகவும், இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடும் இருந்தன. அத்தனை ஆண்டுகளாக அது மாறிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்கவே இல்லை. கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார்களில் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் மங்கி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தேன் நிறத்துக்கும் எலுமிச்சை நிறத்துக்கும் மாறியதும் இதைப் போன்ற மாற்றம்தான். மங்கிய அந்தத் தோற்றங்கள் இன்று தனி நிறங்களாகவே விற்கப்படுகின்றன.

ஆகவே மூப்படையும் பூச்சா, மாறாத பூச்சா என்பதை ஒரே மாடலில், ஒரே நிறத்தில் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். இப்போது நைட்ரோ வேண்டுமென்றால் பெரும்பாலும் விலை உயர்ந்த வரிசைக்கே போக வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையிலேயே கீறியும் உரித்தும் பழையதாக்கிக் கொடுக்கும் ரெலிக் கிட்டார்களை ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 1995-இல் தொடங்கியது. அவற்றைக் கையில் வைத்தால் சுகமாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ராடோகாஸ்டரில் மரம் தெரியத் தேய்ந்திருப்பது அவர் வாசித்து வாசித்துத் தேய்த்தது என்பதால், என் கிட்டாரின் தேய்மானமும் என் கையால் வர வேண்டும் என்றே விரும்புகிறேன்.

மரத்தின் ரேகை தெரியும் பூச்சுகளில் ஒரு குறை உண்டு. அலையலையாக மின்னும் மேப்பிள் முகப்பு என்று எழுதியிருக்கும். அது தடித்த பலகையா, காகிதம்போல் மெல்லிய ஒட்டுப்பலகையா, அச்சிட்ட படமா என்று தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். இவை மூன்றுமே அழகாக இருக்கலாம், ஆனால் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூச்சால் ஒலி மாறுமா என்றும் பலர் கேட்கிறார்கள். திடமான பாடி கொண்ட எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்அப்பின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றினால் கேட்கும் வேறுபாட்டை எந்தப் பூச்சிலும் நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடக்கைக்காரர்களுக்குப் பல மாடல்கள் கறுப்பிலோ சன்பர்ஸ்டிலோ மட்டுமே வருகின்றன. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் கிட்டாரை எட்டு நிறங்களில் செய்து இருப்பு வைப்பது நட்டம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பணம் கட்டிய பிறகே பூசுவது என்று வைத்துக்கொண்டால் இருப்பு என்ற சிக்கலே இல்லை. என் நண்பர் ஒருவர் சர்ஃப் கிரீனுக்காக ஆறு மாதமானாலும் காத்திருக்கத் தயாராக இருக்கிறார்.