தாத்தாவின் சிகிச்சையைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுத்த மகள்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு இயற்பியல் என்றால் உயிர். மருத்துவமனையில் வேலை பார்க்கவும் ஆசை, ஆனால் டாக்டருக்குப் படிக்க விருப்பமில்லை. மலக்குடல் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த தாத்தாவோடு தினமும் போய் வந்தவள், “கம்ப்யூட்டரில் ஸ்கேனை வைத்துத் திட்டம் போட்டார்களே, அந்த வேலைதான் எனக்கு வேண்டும்” என்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா, ரேடியேஷன் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று பயப்படுகிறீர்கள்.

படிப்பு உண்டு. ஆனால் அவள் பார்த்தது ஒருவருடைய வேலையல்ல, நாலைந்து பேருடைய வேலை. அதில் எது அவளுடையது என்று தெரியாமல் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்தும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் தாத்தாவின் சிகிச்சை வழியாகவே சொல்கிறேன்.

முதலில் எம்ஆர்ஐ எடுத்திருப்பார்கள். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பும், அதற்கு வெளியே மெல்லிய உறையும் இருக்கும். கட்டி அந்த உறையை 1 மி.மீ. அளவுக்கு நெருங்கிவிட்டதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறலாம். இதைக் காட்டுவதில் எம்ஆர்ஐ கெட்டி. படம் எடுப்பவர் இமேஜிங் டெக்னாலஜிஸ்ட். படித்துச் சொல்பவர் ரேடியாலஜிஸ்ட், அவர் டாக்டர்.

அப்புறம் சிமுலேஷன் சிடி. தினமும் எப்படிப் படுக்கப் போகிறாரோ, அதே நிலையில் படுக்க வைத்து எடுப்பது. எம்ஆர்ஐ இருக்கும்போது இது எதற்கு? சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். அந்தத் திசு எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று அது சொல்லும். டோஸ், அதாவது உடம்பில் சேரும் கதிரின் அளவு, அதைக் கணக்கிட அந்த எண்கள் வேண்டும். எம்ஆர்ஐ அதை நேராகத் தராது. ஆகவே இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள்.

உங்கள் மகள் ரசித்தது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். உண்மையிலேயே அழகான சிக்கல் இது. எலும்புகள் அச்சாகப் பொருந்திவிடும், மலக்குடல் பொருந்தாது. எம்ஆர்ஐ அன்று காலியாக இருந்திருக்கும், சிடி அன்று வாயு நிறைந்து உப்பியிருக்கும். அப்போது எந்தப் படத்தை எவ்வளவு நம்புவது? கதிர்வீச்சால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் டாக்டரான ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட் கட்டியையும், நோய் பரவியிருக்கக்கூடிய நிணநீர் முடிச்சுப் பகுதியையும் வரைவார். தினசரி அசைவுக்காக அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் இடம் விடுவார்கள். இடம் குறைந்தால் நோய் தப்பும், கூடினால் சிறுகுடல் வேகும். நோயாளியைத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் இதனால்தான். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டு, கதிர் போகும் வழியிலிருந்து விலகும்.

வரைந்த பின் டோஸ் திட்டம். டோஸை அளக்கும் அலகு கிரே. 5 நாளில் 25 கிரே கொடுக்கும் குறுகிய முறை ஒன்று. தினம் 1.8 கிரே வீதம் 25 முதல் 28 தடவை, கீமோ மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும் நீண்ட முறை இன்னொன்று. எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று திட்டம் போடுபவர் டோசிமெட்ரிஸ்ட் அல்லது மெடிக்கல் பிசிசிஸ்ட். கணக்கையும் இயந்திரத்தையும் சோதித்து உறுதி செய்வது பிசிசிஸ்ட்டின் பொறுப்பு. தினமும் படுக்க வைத்து, மறுபடி படமெடுத்து இடம் சரிபார்த்துச் சிகிச்சை கொடுப்பவர் ரேடியேஷன் தெரபிஸ்ட். உடம்பில் சொல்லக் கூசும் இடத்தில் நோய். அந்த நோயாளியின் சங்கடம் குறைவது பெரும்பாலும் இவர் பேசும் விதத்தில்தான்.

உங்கள் மகளுக்கு என் தேர்வு மெடிக்கல் பிசிக்ஸ். இயற்பியலில் பட்டம், மருத்துவ இயற்பியலில் முதுகலை, பிறகு மருத்துவமனையில் மேற்பார்வையோடு பயிற்சி. நீண்ட வழிதான், மறைக்கவில்லை. அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைக்கிறதா என்று முதுகலையில் சேரும் முன்பே விசாரியுங்கள். அது இல்லாத பட்டம் பாதி வழியில் நின்றுவிடும். மனிதர்களோடு பேசிப் பழகுவதுதான் அவளுக்கு அதிகம் பிடிக்கும் என்றால், ரேடியேஷன் தெரபி நேரான, குறுகிய வழி.

ரேடியேஷன் பயம் பற்றி. கதிர் பாயும்போது அறைக்குள் நோயாளி மட்டுமே இருப்பார். ஊழியர்கள் கனமான கான்கிரீட் சுவருக்கு வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இயந்திரத்தை நிறுத்தினால் கதிர்க் கற்றையும் நின்றுவிடும். உடம்பில் மாட்டும் பேட்ஜ், வாங்கிய அளவைப் பதிவு செய்யும். ஊழியர்களுக்குச் சர்வதேசப் பரிந்துரை, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்குள் (உடம்பு வாங்கும் கதிரின் பாதிப்பை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது. விதிப்படி நடக்கும் துறை என்றால் தைரியமாக அனுப்பலாம்.

ஏஐ வந்து வேலையைப் பறிக்குமா என்று பலர் கேட்கிறார்கள். சிறுநீர்ப்பையையும் தொடை எலும்புத் தலையையும் மென்பொருள் இப்போதே நன்றாக வரைகிறது. கட்டியின் ஓரம் எது, வீக்கம் எது, மலம் எது என்ற இடத்தில் தடுமாறும். அதைப் பிடிக்க உடற்கூறு தெரிந்த கண் வேண்டும். எனவே இயற்பியலோடு உயிரியலையும் அவள் விடக்கூடாது. கொஞ்சம் புரோகிராமிங்கும் கற்றால் நல்லது.

சேர்க்கைக்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் அனுமதி கேட்டு, அவளை ஒரு நாள் முழுக்கத் திட்டமிடும் அறையில் உட்கார வையுங்கள். சாம்பல் நிறப் படங்களை மணிக்கணக்கில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பார்ப்பது சிலருக்கு அலுத்துவிடும். மாலையில் வீடு திரும்பியதும் அவளே என்ன பேசுகிறாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதன் பிறகு பார்க்கலாம்.