கைச்சாத்து ஒன்று, சட்டம் வேறு: வாசகர் கேள்வி பதில்

பயங்கரவாதத்துக்கு எதிராக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் (சமவாயங்கள்) குறித்துத் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இம்முறை இப்பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, சற்றே சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பயங்கரவாதம் என்றால் என்ன என்று எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம் எந்தச் சமவாயத்தில் இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை.
(உயர்தர மாணவி, உப்புவெளி)

பதில்: இல்லாததைத் தேடியிருக்கிறீர்கள், அதனால்தான் கிடைக்கவில்லை. 1934 ஒக்டோபரில் யூகோஸ்லாவிய மன்னர் முதலாம் அலெக்சாந்தர் பிரான்சின் மார்செய் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் சென்ற பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் லூயி பார்த்துவும் அந்தச் சம்பவத்தில் உயிரிழந்தார். அந்த அதிர்ச்சியில், ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கம் 1937இல் ஜெனீவாவில் பயங்கரவாதத்துக்கு எதிராக ஒரு பொதுச் சமவாயத்தை இயற்றியது. அதை ஏற்புறுதி செய்த, அதாவது கைச்சாத்துக்குப் பின் முறைப்படி ஏற்றுக் கட்டுப்பட்ட, ஒரே நாடு, அப்போது பிரித்தானியரின் கீழ் இருந்த இந்தியா. பிறகு உலகப் போர் வந்தது, சமவாயம் நடைமுறைக்கு வராமலே போயிற்று.

அந்தத் தோல்விக்குப் பின் நாடுகள் வேறு வழியில் சென்றன. "பயங்கரவாதி யார்?" என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, எந்தெந்தச் செயல்களை எவர் செய்தாலும், எக்காரணத்துக்காகச் செய்தாலும் பொறுப்பதில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. 1963இன் டோக்கியோ சமவாயம் பறக்கும் விமானத்தில் நடக்கும் குற்றங்களையும், 1970இன் ஹேக் சமவாயம் விமானக் கடத்தலையும், 1979இன் சமவாயம் பணயக் கைதிகளைப் பிடிப்பதையும், 1997இன் சமவாயம் பொது இடங்களில் குண்டு வைப்பதையும் எடுத்துக்கொண்டன. இவ்வாறு சேர்ந்த சமவாயங்களும், அவற்றோடு இணைந்த துணை உடன்படிக்கைகளான நெறிமுறைகளும் இன்று 19. வரைவிலக்கணத்துக்கு மிக அருகில் வருவது 1999ஆம் ஆண்டின் நிதியளிப்புத் தடைச் சமவாயம்: மக்களை அச்சுறுத்தவோ, ஓர் அரசையோ சர்வதேச நிறுவனத்தையோ ஒன்றைச் செய்யும்படி அல்லது செய்யாதிருக்கும்படி நிர்ப்பந்திக்கவோ, பொதுமக்களைக் கொல்லும் அல்லது கடுங்காயப்படுத்தும் நோக்குடன் செய்யப்படும் செயல் என்று அது கூறுகிறது. பரீட்சைத் தாளில் எழுத வேண்டுமானால் இதை எழுதுங்கள். ஆனால் நிதியளிப்புக் குற்றத்தை விளக்குவதற்காகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எல்லாவற்றையும் அடக்கும் ஒரு முழுமையான சமவாயத்தை 1996இல் இந்தியா முன்மொழிந்தது. அதற்கான ஐ.நா. விசேட குழுவுக்கு நீண்டகாலம் தலைமை தாங்கியவர் இலங்கைச் சட்ட அறிஞர் ரொஹான் பெரேரா. அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடுவோரை இதில் சேர்ப்பதா, அரச படைகளின் செயல்களை விலக்கிவிடுவதா என்ற இரு முடிச்சுகள் அவிழாததால் வரைவு நிறைவேறாமல் நின்றுவிட்டது. இதை முழு இழப்பாக நான் கருதவில்லை. வரைவிலக்கணத்துக்காகக் காத்திருந்தால் விமானத்தைக் கடத்தியவனையும் விசாரித்திருக்க முடியாது.

கேள்வி: ஒரு நாடு கைச்சாத்திட்டுவிட்டால் உடனே என்ன மாறுகிறது? எல்லாம் காகிதத்தில் மட்டும் தானே?
(ஓய்வுபெற்ற அதிபர், சாம்பல்தீவு)

பதில்: காகிதம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு, ஐயா. 1982 ஜூன் 30ஆம் திகதி இலங்கையர் ஒருவர் இத்தாலியின் அலிட்டாலியா விமானமொன்றைக் கடத்தி, பாங்கொக்கில் நிறுத்தி வைத்தார். இத்தாலியில் இருந்த மனைவியையும் மகனையும் தன்னிடம் சேர்க்க வேண்டும், மூன்று இலட்சம் டொலர் தர வேண்டும் என்பவை அவருடைய கோரிக்கைகள். இரண்டும் நிறைவேறின. குடும்பத்தோடும் பணத்தோடும் அவர் கொழும்புக்குத் திரும்பியபோது அவரை வீரராகக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள்.

சட்டத்துறையினருக்குத் தலைவலி அப்போதுதான் தொடங்கியது. விமானக் கடத்தல் பற்றிய சமவாயங்களில் இலங்கை 1978இலேயே சேர்ந்திருந்தது. ஆனால் அவற்றை உள்நாட்டுச் சட்டமாக்கும் வேலையை எவரும் செய்திருக்கவில்லை. நமது முறையில், கையெழுத்திட்ட சமவாயம் தானாக நீதிமன்றத்துக்குள் நுழைந்துவிடாது. பாராளுமன்றம் அதற்கென ஒரு சட்டத்தை இயற்றினால்தான் நீதிபதி அதன்படி தண்டிக்க முடியும். ஆகவே அவசர அவசரமாக 1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க வானூர்திகளுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டு, நடந்து முடிந்த கடத்தலுக்கும் அது பொருந்துமாறு பின்னோக்கிய வலு கொடுக்கப்பட்டது. செயலைச் செய்த காலத்தில் குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பின்னர் தண்டிக்கலாமா என்ற வாதம் எழுந்தபோது, நாடுகளின் சமுதாயம் ஏற்றுக்கொண்ட சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளின்படி அச்செயல் குற்றமாக இருந்தால் தண்டிக்கத் தடையில்லை என்று கூறும் அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரை கைகொடுத்தது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

கைச்சாத்து தரும் உண்மையான பலம் "கையளி, அல்லது நீயே வழக்குத் தொடு" என்ற கடப்பாடு. ஹேக் சமவாயத்திலிருந்து பின்வந்த சமவாயங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இது இருக்கிறது. சந்தேக நபர் எந்த நாட்டின் மண்ணில் பிடிபட்டாலும், அந்த நாடு அவரைக் கேட்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் வழக்குத் தொடுப்பதற்காகத் தன் அதிகாரிகளிடம் பாரப்படுத்த வேண்டும். சும்மா விட்டுவிட வழியில்லை. 1997ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புச் சமவாயம் இன்னும் ஓரடி முன்வைத்து, இது அரசியல் குற்றம், ஆகவே கையளிக்க மாட்டோம் என்று சொல்லும் பழைய கதவை 11ஆம் உறுப்புரையில் அடைத்தது. அடுத்த உறுப்புரையில் ஒரு சிறு சாளரத்தையும் திறந்து வைத்திருக்கிறது: ஒருவரை அவருடைய இனம், மதம், தேசியம், அரசியற் கருத்து ஆகியவற்றின் பேரில் தண்டிப்பதற்காகவே கேட்கிறார்கள் என்று நம்புவதற்குக் கனமான காரணம் இருந்தால், கையளிக்க வேண்டிய கடப்பாடு இல்லை. 11ஐ மேற்கோள் காட்டுவோர் 12ஐ வாசிக்காமல் விடுவது வழக்கமாகிவிட்டது.

கேள்வி: துறைமுகத்துக்குள் வேலைக்குப் போகும்போது முன்பில்லாத அளவுக்கு அனுமதிச் சீட்டு, பதிவு, சோதனை. இதற்கும் சர்வதேசச் சட்டத்துக்கும் தொடர்பு உண்டா?
(கப்பல் இறக்குத் தொழிலாளி, சீனன்குடா)

பதில்: நிறையவே உண்டு. கோதுமையோ கிளிங்கரோ ஏற்றிக்கொண்டு நம் குடாவுக்குள் வரும் கப்பலின் ஏணிப்படிக்குக் கீழே உங்கள் பெயரை ஒரு புத்தகத்தில் எழுதி, ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் குறித்துக் கையொப்பம் வைக்கச் சொல்வார்கள் அல்லவா? படியருகே நிற்கும் மாலுமி உங்கள் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுவார். கப்பல்கள், துறைமுகங்கள் ஆகியவற்றின் பாதுகாப்புக்கான சர்வதேசக் கோவை கேட்கும் ஒழுங்கு அது. அக்கோவை 2002இல் ஏற்கப்பட்டு 2004 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பாதுகாப்பு நிலை மூன்று. நிலை ஒன்று வழமையானது, மூன்று ஆபத்து நெருங்கிவிட்டது என்பதற்கு. நிலை உயர்ந்த நாளில் வாசலில் அதிக நேரம் நிற்க வேண்டி வருவதற்குக் காவலாளியைக் கோபிக்க வேண்டாம்.

இதற்கு முந்திய கதை 1985 ஒக்டோபருடையது. எகிப்தின் கடலோரத்தில் அக்கிலே லாவ்ரோ என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலை நான்கு பலஸ்தீனர்கள் கைப்பற்றினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த அமெரிக்கப் பயணி ஒருவர் கொல்லப்பட்டார். எகிப்து அவர்களை விமானத்தில் அனுப்பிவைக்க, அமெரிக்கப் போர் விமானங்கள் அதை மறித்துச் சிசிலித் தீவில் இறக்கின. இத்தாலி அமெரிக்காவிடம் கொடுக்க மறுத்துத் தானே விசாரித்தது. கொடி ஒரு நாட்டினது, இறந்தவர் இன்னொரு நாட்டவர், சம்பவம் வேறொரு நாட்டின் கரையோரம். கடற்கொள்ளைச் சட்டமும் பொருந்தவில்லை. ஏனெனில் அதன்படி ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலைத் தாக்கியிருக்க வேண்டும், அதுவும் சொந்த இலாபத்துக்காக. இங்கோ கடத்தியவர்கள் பயணிகளாகவே ஏறியிருந்தார்கள். அந்த ஓட்டையை அடைக்கவே இத்தாலி, ஒஸ்திரியா, எகிப்து ஆகிய மூன்றும் முன்மொழிய, 1988 மார்ச்சில் ரோமில் கப்பற் போக்குவரத்துப் பாதுகாப்புச் சமவாயம் உருவாயிற்று. இலங்கை அதில் இணைந்து, 2000இல் தனிச் சட்டமும் இயற்றியது.

கேள்வி: கணவர் கட்டாரிலிருந்து வீடு கட்டக் காசு அனுப்பினார். வங்கியில் எங்கிருந்து வந்தது, எதற்கு என்று படிவம் மேல் படிவம். எங்களைப் பார்த்தால் பயங்கரவாதியாகத் தெரிகிறதா?
(இல்லத்தரசி, கிண்ணியா)

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, சகோதரி, கரும்பீடத்துக்கு அப்பால் இருக்கும் பிள்ளைக்கும் அந்தப் படிவத்தின் வேர் எங்கே என்று எவரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வேர் மேலே சொன்ன 1999ஆம் ஆண்டின் நிதியளிப்புச் சமவாயம். 2001 செப்டெம்பர் தாக்குதல் நடந்த வேளை அதை ஏற்புறுதி செய்திருந்தவை நான்கே நாடுகள்: பொட்சுவானா, பிரித்தானியா, உஸ்பெகிஸ்தான், இலங்கை. அந்த மாதம் 28ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 1373ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றி, சமவாயத்தில் சேராத நாடுகளும் பயங்கரவாதத்துக்கான பணத்தை முடக்க வேண்டும், அதற்குப் பணம் திரட்டுவதைக் குற்றமாக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

முந்திக்கொண்டு ஏற்புறுதி செய்த நாம் அதற்கான சட்டத்தை இயற்றியது 2005இல்தான். 2006இல் நிதிசார் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம் வந்தது, நிதியியல் உளவறிதல் பிரிவு உருவாகி, 2007இல் மத்திய வங்கியின் கீழ் வந்தது. பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல்வாங்கல்களை வங்கிகள் அப்பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு உங்கள் மீதான முறைப்பாடு அல்ல. இவற்றையெல்லாம் நாடு ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்ப்பது 1989இல் பரிஸ் நகரில் தொடங்கிய நிதிசார் நடவடிக்கைச் செயலணி. 2017இல் அது, குறைபாடுள்ள நாடுகளைக் கண்காணிக்கும் சாம்பல் பட்டியலில் இலங்கையைப் போட்டது, 2019இல் எடுத்தது. அப்பட்டியலில் இருக்கும் நாட்டுடன் கொடுக்கல்வாங்கல் செய்ய வெளிநாட்டு வங்கிகள் தயங்கும் என்பதால் நம் வங்கிகள் பிறகு இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கின.

ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். கேள்விக்குப் பயந்து, வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரரிடம் போகாதீர்கள். கட்டாரில் பணம் மாற்றிய ரசீது, கணவரின் வேலை ஒப்பந்தப் பிரதி, வீட்டு வரைபடம் ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு ஒரே தடவை கொடுத்துவிட்டால் அடுத்த முறை கேள்வி குறையும். தொகையைச் சிறு சிறு துண்டாக்கி அனுப்புவது பாதுகாப்பு என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வங்கியின் சந்தேகத்தை எழுப்புவதில் முதலிடம் அதற்குத்தான்.

கேள்வி: பயங்கரவாதத் தடைச் சட்டம் சர்வதேசக் கடப்பாட்டினால் வந்தது என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். உண்மையா?
(வாசகர், மூதூர்)

பதில்: இல்லை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மூன்று ஆண்டுக்கான தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமாயிற்று. 1373ஆம் தீர்மானத்துக்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அச்சட்டத்திலும் பயங்கரவாதம் எது என்று வரையறுக்கப்படவில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம் என்ற விதியையோ, 2022இன் திருத்தத்துக்கு முன் பதினெட்டு மாதம் வரை நீண்ட தடுப்புக் காவலையோ எந்தச் சமவாயமும் கேட்டதில்லை. மாறாக, பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கைகள் மனித உரிமைச் சட்டத்துக்கு இணங்க வேண்டும் என்று பாதுகாப்புச் சபையே 2003இன் 1456ஆம் தீர்மானத்தில் கூறியிருக்கிறது. 2017இல் இங்கு வந்த ஐ.நா. விசேட அறிக்கையாளர் பென் எமர்சனும் இச்சட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார்.

1373ஆம் தீர்மானத்தின் பெயரால் உண்மையிலேயே நடந்தது, பயங்கரவாதத்தோடு தொடர்புடையோர் என்று பட்டியல் போடுதல். 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் கீழ் 2014இல் புலம்பெயர் தமிழ் அமைப்புகளும் தனிநபர்களும் பட்டியலிடப்பட்டார்கள். 2015இல் சில அமைப்புகள் நீங்கின, 2021இல் சில மீண்டும் சேர்ந்தன, 2022இல் சில மறுபடி நீங்கின. ஆட்சி மாற மாற ஒரே அமைப்பு உள்ளும் வெளியுமாகப் போய் வருவதைச் சமவாயத்தின் தலையில் கட்ட முடியாது. வரைவிலக்கணத்தை அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டதன் விலை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேள்வி: இன்டர்போல் சிவப்பு அறிவித்தல் வந்தால் எந்த நாடும் கைது செய்தே ஆக வேண்டுமா?
(வாசகர், தம்பலகாமம்)

பதில்: இல்லை. அது பிடியாணை அல்ல. தேடப்படுபவரைப் பற்றி ஒரு நாடு மற்ற நாடுகளிடம் விடுக்கும் வேண்டுகோள். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தீர்மானிக்கும். அரசியல், இராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிடுவதை இன்டர்போலின் யாப்பே 3ஆம் உறுப்புரையில் தடுத்திருக்கிறது.

கேள்வி: சார்க் நாடுகளுக்கும் இப்படி ஒரு சமவாயம் உண்டாமே. பயன் உண்டா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: 1987 நவம்பரில் காத்மண்டுவில் கைச்சாத்தானது, நிதியளிப்புப் பற்றி 2004இல் மேலதிக நெறிமுறையும் சேர்ந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றை ஒன்று நம்பாத வரை, பயன் சொற்பமே. 2014க்குப் பின் சார்க் உச்சி மாநாடே கூடவில்லை.

கேள்வி: இவற்றையெல்லாம் தமிழில் வாசிக்க முடியுமா?
(சட்டக் கல்லூரி மாணவர், திருகோணமலை நகர்)

பதில்: ஐ.நா. சமவாயங்களின் அதிகாரபூர்வப் பிரதிகள் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளில் மட்டுமே உள்ளன. ஆனால் அவற்றுக்காக இங்கே இயற்றிய சட்டங்கள் மும்மொழியிலும் அச்சாகின்றன. நிதியளிப்புச் சமவாயத்துக்காக வந்த 2005ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்ப் பிரதியை ஆங்கிலப் பிரதியின் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பிரதிகளுக்கிடையே முரண்பாடு இருந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று நமது சட்டங்களின் கடைசிப் பிரிவில் வழக்கமாக எழுதியிருப்பதால், மூன்றாவது பிரதியும் கையில் இருப்பது நல்லது.