சாயத் தண்ணீருக்குப் பதில் தேடும் பெண்ணை ஐடிக்குத் தள்ளாதீர்கள்

மேற்படிப்பு ஆலோசனை கேட்டுத் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்கிறாள். பெரியப்பாவில் ஆரம்பித்து பக்கத்து வீடு வரை, "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேர்த்துவிடுங்க, கெமிஸ்ட்ரி படிச்சா டீச்சர் வேலைதான்" என்கிறார்களாம். அம்மா சரியாகத் தூங்கி ஒரு வாரம் ஆகிறது.

பயப்படாதீங்கம்மா என்று ஆரம்பித்தேன். அதற்குள் அப்பா, மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்காகத் தோட்டத்தை அடமானம் வைக்கப் பேசியிருப்பதாகச் சொன்னார். ஆறுதல் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏன் கெமிஸ்ட்ரி என்று மகளிடம் கேட்டேன். "சாயத் தண்ணியில இருந்து தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கறாங்க. மிச்சம் எல்லாம் சேறா மூட்டை மூட்டையாக் கிடக்குது. அதை உடைக்கவே முடியாதுங்களா சார்?"

உடைக்கலாம். பட்டறையில் துணி வெளுக்க ஊற்றும் அதே ஹைட்ரஜன் பெராக்சைடு போதும், கூட ஓர் உலோகம் வேண்டும். பெராக்சைடோடு இரும்பு உப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894-லேயே எழுதினார். அப்போது உண்டாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வெறிபிடித்த துகள் சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக்கிவிடும். ஆனால் இரும்புக்கு பிஎச் 3 பக்கம், அதாவது தண்ணீர் நல்ல அமிலமாக இருந்தால்தான் வேலை ஓடும். சாயத் தண்ணீரோ காரத்தன்மை கொண்டது. ஆசிட் ஊற்றி இறக்கி, அப்புறம் காரம் ஊற்றி ஏற்றினால் இரும்புச் சேறு வேறு மிஞ்சும். தாமிரம் இங்கேதான் கைகொடுக்கிறது. நடுநிலைக்குப் பக்கத்திலும் அது வேலை செய்யும். தாமிர ஆக்சைடை ஒரு திடப்பொருளின் மேல் படியவைத்தால் வடிகட்டி எடுத்துத் திரும்பவும் போடலாம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும், மீனுக்கு அது விஷம். ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம்தான் நம் நாட்டு வரம்பு. இன்னொன்று, நிறம் போனதாலேயே சாயம் ஒழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அசோ வகைச் சாயத்தில் நிறம் தரும் நைட்ரஜன் பிணைப்பு அறுந்தாலே கண்ணுக்கு நிறம் தெரியாது, உடைந்த துண்டுகளான அரோமேட்டிக் அமீன்கள் (இவற்றில் சில நச்சு) உள்ளேயே இருக்கலாம். தாமிரத்தைக் கரையவிடாமல் கட்டிவைக்கவும், மிச்சம் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்லவும் ஆள் வேண்டும். அந்த ஆள் கெமிஸ்ட்ரி படித்தவர்தான்.

"2011-ல் ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. தண்ணீரைச் சுத்தம் செய்யத் தெரியாமல்தானே ஊரே வேலையை விட்டு உட்கார்ந்தது? அந்தக் கேள்வியைத்தான் உங்கள் பெண் கேட்கிறாள்" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஒரு விஷயத்தில் கறாராகவே சொன்னேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, எம்.எஸ்சி. கட்டாயம். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தால் செலவு கைக்குள் நிற்கும். மூன்றாம் வருஷத்தில் ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி. கிடைக்க வாய்ப்புண்டு. அப்புறம் சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) வாங்கி ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், சென்னை தோல் ஆராய்ச்சி நிலையம், நாக்பூரில் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் நீரி எல்லாம் நம் பிள்ளைகள் போகக்கூடிய இடங்கள்தான். ஆராய்ச்சி வேண்டாம் என்றாலும், சுத்திகரிப்பு நிலைய லேப்களுக்கு எம்.எஸ்சி. ஆள் தேவை. வருஷம் கூடுதலாகும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பிடிக்காத படிப்புக்காகத் தோட்டத்தை அடகு வைப்பதற்கு நான் ஒருநாளும் சரி சொல்ல மாட்டேன். பெரியப்பா வந்து வட்டி கட்டப் போவதில்லை.

அட்வான்ஸ் இன்னும் கட்டவில்லை என்றார். கட்டாதீங்க என்றேன். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் மகளைப் பட்டறை லேபுக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். கழிவுநீரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று அளக்கும் சிஓடி டெஸ்ட்டில் ஆரஞ்சு டைக்ரோமேட் கரைசல் இரண்டு மணி நேரம் சூடாகிப் பச்சைக்கு மாறுவதை அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.