கொடைக்கானலுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவை

இருபது வருடங்களாகக் கொடைக்கானலில் வண்டி ஓட்டுகிறேன். விடுமுறைக்கு வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு தடவை தூண் பாறைக்குப் போயும் வெள்ளையாக மேகம்தான் தெரிந்தது. எங்கள் ராசி அப்படியா? (விருதுநகர்)

ராசி இல்லை அண்ணே, நேரம். குளித்து, சாப்பிட்டு, பதினோரு மணிக்குக் கிளம்பியிருப்பீர்கள். வெயில் ஏற ஏற, கீழேயிருந்து ஈரக்காற்று சூடாகிச் சரிவோடு மேலே வரும். மேலே குளிரில் அது மேகமாகிவிடும். 122 மீட்டர் உயரப் பாறையும் அதற்குள் காணாமல் போய்விடும். அதனால் பள்ளத்தைப் பார்க்கிற இடங்களுக்கெல்லாம் காலையிலேயே போய்விடுங்கள். ஏரி, பூங்கா எல்லாம் மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். போனபோது மூடியிருந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். கால் மணி நேரம் நில்லுங்கள். ஒரு காற்று அடித்தால் போதும், முதலில் பாறையின் உச்சி தெரியும், அப்புறம் அடிவரை திறக்கும்.

கோக்கர்ஸ் வாக் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. 1872இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி சரிவை ஒட்டிப் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. அங்கே மாலையிலும் போய்ப் பாருங்கள். முதுகில் வெயில் விழுந்து, எதிரே பள்ளத்தில் மேகமும் நின்றால் உங்கள் நிழல் மேகத்தின் மேல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வானவில் போல ஒரு வளையம் இருக்கும். நீங்கள் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். இத்தனை வருடத்தில் எனக்குச் சில தடவைதான் வாய்த்தது. முதல் தடவை பார்த்தபோது கைப்பிடிக் கம்பியை விட்டு நகரவே மனம் வரவில்லை.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கூடவே இரண்டு பிள்ளைகள். ஒரே நாள்தான் இருக்கிறது. (சேலம்)

மூன்று இடம் போதும் அக்கா. பன்னிரண்டு இடம் என்று யாராவது பட்டியல் கொடுத்தால் வாங்காதீர்கள், பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழனி மலை தெரியும், அம்மா அங்கேயே கும்பிட்டுக்கொள்வார். அப்புறம் பிரையண்ட் பூங்கா. கடைசியாக ஏரி. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரி, சுற்றளவு ஐந்து கிலோமீட்டர் அளவில் வரும். பிள்ளைகள் வாடகை சைக்கிளில் சுற்றட்டும், அம்மாவைத் துடுப்புப் படகில் உட்கார வையுங்கள்.

நண்பர்கள் ஐந்து பேர், நன்றாக நடப்போம். டால்பின் நோஸ் தாண்டிப் போகலாமா? (கோவை)

டால்பின் நோஸ் என்கிற பாறை முனை வரை வட்டக்கானலிலிருந்து மரவேர்களே படியாக இருக்கும். இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்குவீர்கள் தம்பி, ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். மழை பெய்த மறுநாள் வேர் வழுக்கும், அட்டையும் ஏறும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

அதற்கும் கீழே வெள்ளகவி கிராமம், அப்புறம் மலையடியில் கும்பக்கரை அருவி. மலைச்சாலை வருவதற்கு முன்பு இந்தப் பக்கமாகத்தான் பெரியகுளத்திலிருந்து ஆட்கள் மேலே ஏறி வந்தார்கள். வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, நீங்களும் கழற்றி விடுங்கள். ஆனால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகள் இறந்தார்கள். பக்கத்து மலைதான் அது. புல் காய்ந்த மாதங்களில் யாராவது குறுக்குவழி காட்டுகிறேன் என்றால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

இந்த வருடம் குறிஞ்சி பூக்குமா? (சென்னை)

நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கும். 2018இல் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் பூக்கிறவை பெரும்பாலும் வேறு வகைக் குறிஞ்சிகள்.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் குளிக்கலாமா? (திருச்சி)

வேண்டாம். ஏரியில் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது. பார்த்துவிட்டுப் போங்கள். குளிக்க ஆசை என்றால் மலையடியில் கும்பக்கரை இருக்கிறது. தண்ணீர் வரத்து அதிகமானால் அங்கேயும் தடை போடுவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

ராத்திரி ரோட்டில் காட்டுமாடு வருமாமே? (மதுரை)

பகலிலேயே வரும். சாதுவாகப் புல் மேயும், ஆனால் கிட்டே போய் செல்பி எடுக்காதீர்கள். வண்டியில் இருந்தால் ஹாரன் அடிக்காமல் நில்லுங்கள். அது போகட்டும், நீங்கள் அப்புறம் போகலாம்.

என்ன வாங்கி வரலாம்? (தஞ்சாவூர்)

மலைப்பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நகரத்துக் கடையில் வாங்குவதைவிடப் பூம்பாறைக்கே போங்கள், இருபது கிலோமீட்டர் அளவில்தான். ஊருக்கு முன் ஒரு வளைவில் நிறுத்திப் பாருங்கள். பூண்டும் கேரட்டும் உருளையும் படிப்படியாக இறங்க, நடுவில் ஊர் கொத்தாக இருக்கும். குழந்தை வேலப்பரையும் கும்பிட்டு வரலாம். வாங்கிய பூண்டைப் பையில் கட்டி வைக்காமல் காற்றாடத் தொங்கவிடுங்கள்.

இ-பாஸ் கட்டாயமா? (ஈரோடு)

2024 மே முதல் வேண்டும். வீட்டிலேயே இணையத்தில் எடுத்துவிடுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வராதீர்கள்.

மகளுக்கு மலைச்சாலையில் வாந்தி வருகிறது. (திண்டுக்கல்)

முன் சீட்டில் உட்கார வையுங்கள், போன் பார்க்க விடாதீர்கள், கிளம்பும் முன் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள். வத்தலக்குண்டு வழியில் டம்டம் பாறையில் கண்டிப்பாக இறங்கி நில்லுங்கள். எதிர் மலையில் தலையாறு அருவி, 297 மீட்டர், ஒரே கோடாக விழும். எலிவால் அருவி என்றும் சொல்வோம். அவள் அதைப் பார்த்து முடிப்பதற்குள் வயிறு அடங்கிவிடும்.